ஒன்பதாவது வளைவில் வாந்தி எடுத்தது யார்? சிறுவயது நினைவும் வீட்டு மரபும்: ஓர் எளிய விளக்கம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. எங்கள் வீட்டில் முப்பது வருடமாகத் தீராத வழக்கு ஒன்று அந்த ஒன்பதாவது பலகையடியில் கிடக்கிறது. அங்கே பஸ் ஜன்னல் வழியாக, முன்சீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைக் கைமேல் வாந்தி எடுத்தது நானா, என் தம்பியா?

நான்தான். வாயில் ஏறிய புளிப்பு, காது அடைத்துக்கொண்டது, அவர் திரும்பிப் பார்த்த பார்வை எல்லாம் எனக்கு அப்படியே இருக்கிறது. தம்பியும் இதையேதான் சொல்கிறான், காது அடைத்தது உட்பட. போட்டி போட்டுச் சொந்தம் கொண்டாடுகிற விஷயமா இது என்று கேட்கலாம். ஆனால் சிறுவயது நினைவு என்பது எப்படி வேலை செய்கிறது என்று புரிய இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் இந்த விஷயத்தில் நாம் எல்லோரும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறோம். ஒரு பக்கம், "ரெண்டு வயசுக் கொழந்தைக்கு என்னத்த ஞாபகம் இருக்கப் போவுது" என்கிறோம். இன்னொரு பக்கம், கடன் வாங்கியாவது ஒரு பெரிய டூர் போய், "பிள்ளைங்களுக்கு மெமரீஸ் வேணும்ல" என்கிறோம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தப்பான படம்.

பீரோ இல்லை, தறி

அந்தப் படம் இது: மூளைக்குள் ஒரு பீரோ. நடந்ததெல்லாம் மடித்து அடுக்கியிருக்கும். வேண்டும்போது திறந்து எடுத்துப் பார்க்கலாம். நாளானால் சாயம் வெளுக்கும், அவ்வளவுதான்.

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவர்களுக்கு வேறு மாதிரி சொல்லலாம். நினைவு என்பது தறியில் ஏற்றிய பாவு. பாவு நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். அது மட்டும் துணி ஆகாது, குறுக்கே ஊடை ஓட வேண்டும். ஒரு சம்பவத்தில் பார்த்த நிறம், கேட்ட குரல், பட்ட பயம் எல்லாம் மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை, தனித்தனி நூலாக வெவ்வேறு பகுதிகளில் கிடக்கின்றன. நினைக்கும் ஒவ்வொரு முறையும் மூளை அவற்றை இழுத்துச் சேர்த்துப் புதிதாக நெய்கிறது. ஊடை மட்டும் இன்றைய நூல்: இன்றைய மனநிலை, பிறகு தெரிந்துகொண்ட சேதி, அடுத்தவர் சொல்லிக் கேட்டது. நெய்து முடித்த துணியே அடுத்த தடவைக்குப் பாவாகவும் போய்விடுகிறது. (இந்த இடத்தில் உவமை இடிக்கிறது. தறிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.)

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் இதைச் சோதித்து 1932இல் எழுதினார். அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டு விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது, புரியாத பகுதிகள் உதிர்ந்தன, பழக்கமில்லாத பொருள்கள் பழகிய பொருள்களாக மாறின. யாரும் பொய் சொல்லவில்லை. கையில் இருந்த ஊடையைப் போட்டு நெய்தார்கள்.

நூல்களை முதலில் சேர்த்து முடிச்சுப் போடுகிற பகுதிக்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். இரு காதுகளுக்கு நேராக, மூளையின் உள்பக்கம் இருக்கிறது. கடல்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் கிரேக்கச் சொல்லில் அந்தப் பெயர். ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக 1953இல் நடந்த அறுவையில் இரு பக்கமும் இந்தப் பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு 2008இல் இறக்கும்வரை, புதிதாக நடந்த ஏறக்குறைய எதுவும் அவரிடம் தங்கவில்லை. பல வருடம் பழகிய ஆய்வாளரே ஒவ்வொரு தடவையும் புதிதாக அறிமுகமானார். ஆனால் சின்ன வயது விஷயங்கள் பல அவரிடம் இருந்தன. பழைய நினைவு அந்த முடிச்சை மட்டும் நம்பி இருப்பதில்லை என்று அவர் வழியாகத்தான் தெரிந்தது.

இன்னொரு பிரிவையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏற்காட்டுப் பாதையில் 20 வளைவு என்பது அறிவு நினைவு. எப்போது, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம் என்பது தேவையில்லை. ஒன்பதாவது வளைவில் வாய் புளித்தது என்பது நிகழ்வு நினைவு. அதில் நான் இருக்கிறேன், ஒரு இடமும் நேரமும் இருக்கிறது. இந்தப் பிரிவை 1972இல் முன்வைத்தவர் என்டல் டல்விங் என்ற உளவியலாளர். இனி இந்தக் கட்டுரையில் நினைவு என்றால் இரண்டாவது வகைதான்.

இதுவரை: நினைவு எடுத்து வைத்த பொருள் இல்லை, ஒவ்வொரு முறையும் நெய்கிற வேலை. அதனால் அது மாறும். அதனாலேயே வலுவாகவும் ஆகும்.

மூன்று வயதுக்கு முன்னால்

பெரியவர்களிடம் "உங்களுக்கு ஞாபகம் இருக்கிற முதல் விஷயம் எது" என்று கேட்டால், சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் நடந்த ஒன்றைச் சொல்கிறார்கள். அதற்கு முந்தியது காலி. இதற்குப் பிள்ளைப்பருவ மறதி என்று பெயர்.

"அப்போ ரெண்டு வயசுல ஞாபகம் இருக்காதுன்னு சொன்னதுதானே சரி, பதியவே இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டரை வயதுக் குழந்தையைக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போய், இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போகும்போது "மானு!" என்று அது கத்துவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பதிகிறது. அமெரிக்காவில் பட்ரீசியா பாவர் குழுவினர் மூன்று வயதுக் குழந்தைகள் அம்மாவுடன் பேசிய பழைய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொண்டு, அதே பிள்ளைகளைப் பிற்பாடு கேட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயதில் கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவற்றில் 60 சதவீதத்துக்கும் மேல் நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் கேட்டபோது ஏறத்தாழ 35 சதவீதம். இந்த முடிவு 2014இல் வெளியானது. பதியாமல் போவதைவிட, ஏழு எட்டு வயதுவாக்கில் உதிர்ந்துபோவதுதான் பெரிய பங்கு.

ஏன் உதிர்கிறது? முடிச்சுப் போடும் ஹிப்போகேம்பஸ் அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எலிகளில் பார்த்தபோது, அங்கே புது நரம்பு செல்கள் மளமளவென்று முளைப்பதே பழைய முடிச்சுகளை அவிழ்க்கிறது என்றும் தெரிகிறது. பிறகு, சொல்ல மொழி இல்லை. "போன ஆடியில, அம்மாயி வீட்டு வாசல்ல, மழை வந்தப்ப" என்று ஒரு சம்பவத்துக்கு விலாசம் எழுதத் தெரியாத வயது அது. விலாசம் இல்லாத கடிதம் எங்கே போய்ச் சேரும்?

சம்பவம் மறந்தாலும் எல்லாம் போவதில்லை. யார் தூக்கினால் அழுகை நிற்கும், எந்த வீட்டில் பயப்பட வேண்டியதில்லை என்பது சொல்லாக இல்லாமல் உடம்பில் தங்குகிறது. ஒரு வயதுப் பிள்ளையோடு விளையாடுவது வீண் என்று நினைக்கிற அப்பாக்களுக்காக இந்த வரி.

"குரங்கா! அது என்ன பண்ணுச்சு?"

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இரண்டு விதமாகப் பேசலாம்.

"ஏரியில போட்டுல போனமே, நல்லா இருந்துச்சா பாப்பா?"
"ம்."
"வேற என்ன பார்த்த?"
"கொரங்கு."
"கொரங்கு இல்ல கண்ணு, அதுக்கப்புறம் பூவெல்லாம் பார்த்தோம்ல?"

இது பரீட்சை. இன்னொரு விதம்:

"கொரங்கா! அது என்ன பண்ணுச்சு?"
"அம்மாயி சோளத்தப் புடுங்கிடுச்சு."
"ஆமாமா, அம்மாயி கத்துனாங்க. நீ எங்க போயி ஒளிஞ்ச?"
"சித்தப்பா பின்னாடி!"

இரண்டாவதில் பிள்ளை எடுத்த நூலையே அப்பாவும் பிடித்துக்கொள்கிறார். யார், எங்கே, அப்புறம் என்ன, உனக்கு எப்படி இருந்தது என்று விரித்துக்கொண்டே போகிறார். ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் போன்ற ஆய்வாளர்கள் பல வருடம் பார்த்தது இந்த வித்தியாசத்தைத்தான். குழந்தைப் பருவத்தில் இப்படி விரித்துப் பேசிய அம்மாக்களின் பிள்ளைகளைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கேட்டபோது, அவர்களின் முதல் நினைவு மற்றவர்களுடையதைவிடச் சின்ன வயதிலேயே தொடங்கியது. நியூசிலாந்தில் நடந்த அந்த ஆய்வு 2009இல் வந்தது. டூருக்குச் செலவழிக்கிற காசைவிட, டூர் முடிந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பேசுகிற பத்து நிமிஷம் அதிக வேலை செய்கிறது என்பது என் கட்சி.

ஆனால் பேச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995இல் வெளியிட்ட சோதனையில், 24 பேரிடம் அவர்கள் சிறுவயதில் நடந்த மூன்று நிஜக் கதைகளோடு, "ஐந்து வயதில் கடைவளாகத்தில் காணாமல் போனாய்" என்று நடக்காத ஒன்றையும் குடும்பத்தார் சொன்னதாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேர் அந்த நடக்காததை முழுசாகவோ கொஞ்சமாகவோ நினைவுகூர்ந்தார்கள். இரட்டைப் பிள்ளைகளிடம் ஒரே சம்பவம் இருவருக்கும் சொந்தமாக இருப்பதும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

எங்கள் வழக்குக்கு வருவோம். போன வருடம் அம்மாவிடமே தீர்ப்புக் கேட்டோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "ரெண்டு பேரும் இல்லடா. அது உங்க பெரியம்மா பையன்."

மரபு வீட்டுக்குள் என்ன செய்கிறது

தினம் பல் தேய்ப்பதும் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் இரண்டுமே திரும்பத் திரும்பச் செய்வதுதான். முதலாவது வழக்கம்: வேலை முடிந்தால் போதும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு செயல் "நாங்க இப்படித்தான், எங்க வீட்ல இப்படித்தான்" என்று சொல்ல ஆரம்பித்து, இல்லாமல் போனால் ஒரு குறை தெரிந்தால் அது மரபு. ஒரே காரியம் ஒரு வீட்டில் வழக்கமாகவும் அடுத்த வீட்டில் மரபாகவும் இருக்கலாம். ஞாயிறு சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடப் போவது சிலருக்கு வெறும் தீனி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பெரியவர் காலமான பிறகும் அவர் பங்குக்கு ஒரு செட் வாங்கிப் பிரித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் பக்கத்து மரபுகளில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஆடி முதல் நாள், ஜூலை நடுவில் வரும், சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் தேங்காய் சுடுவோம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இரண்டு நாள் முன்பே கடைத்தெருவில் அழிஞ்சிக் குச்சிக் கட்டுகள் வந்து குவியும். தேங்காயை நார் ஒன்றில்லாமல் உரித்து, சொரசொரப்பான தரையில் தேய்த்து வழவழப்பாக்குவது பிள்ளைகள் வேலை. உள்ளங்கை எரியும், யார் தேங்காய் அதிகம் பளபளக்கிறது என்று போட்டி நடக்கும். பிறகு பெரியவர் யாராவது மூன்று கண்ணில் இளகிய கண்ணைக் கம்பியால் குத்தித் தண்ணீரை வடிப்பார். அந்தத் துளை வழியாக வறுத்த பாசிப்பருப்பு, வெல்லம், எள், அவல், பொட்டுக்கடலை எல்லாவற்றையும் சிட்டிகை சிட்டிகையாகத் திணிக்க வேண்டும். அவல்தான் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீரைத் திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சிக் குச்சியை இறுக்கிச் செருகி, ஓடு முழுக்க மஞ்சள் பூசி, தெருவில் மூட்டிய தீயில் வாட்டுவோம். ஓடு கறுக்கும், உஸ்ஸென்று கீறல் விடும், வெல்லமும் தேங்காயும் கருகுகிற வாசம் கிளம்பும். பிள்ளையாருக்கு வைத்து உடைத்தால் உள்ளே இருப்பது பாதி பாயசம், பாதி கரி. பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காகச் சுடுகிறோம் என்று காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை எந்தப் பிள்ளையும் காரணம் கேட்டதில்லை.

நினைவுக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன. கைக்கு வேலை, மூக்குக்கு வாசம், கொஞ்சம் பயம், ஒரு இடம், மாறாத தேதி. இவை ஒவ்வொன்றும் ஒரு தூண்டுகுறி, அதாவது உள்ளே கிடக்கும் நூலை வெளியே இழுத்துவிடும் அடையாளம். அழிஞ்சிக் குச்சியைக் கடையில் பார்த்ததும் போன வருடம் தானாக வந்து நிற்கிறது. வருடத்துக்கு ஒரு முறை தறியில் ஏறுவதால் உதிர நேரமில்லை. ஒரேயடியாகப் பல தடவை படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பச் செய்வது நன்றாகத் தங்கும் என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே காட்டிவிட்டார்.

கொலுசும் சலங்கையும்

இங்கே ஒரு சிக்கல். நான் இருபது ஆடிக்காவது தேங்காய் சுட்டிருப்பேன். ஆனால் எட்டாவது வயது ஆடியையும் ஒன்பதாவது வயது ஆடியையும் பிரித்துச் சொல் என்றால் தெரியாது. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடப்பதை மூளை தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து "ஆடி ஒண்ணுன்னா இப்படி" என்று ஒரு பொதுச்சாரமாக ஆக்கிக்கொள்கிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு செய்வதைப் பார்த்திருந்தால் சட்டென்று பிடிபடும். கண்ணி எல்லாம் ஒரே மாதிரி. தொங்குகிற சலங்கைதான் சத்தம் போடுகிறது. கண்ணி இல்லாமல் சலங்கையைக் கோக்க இடமில்லை. எனக்குத் தனியாக நினைவிருக்கிற ஆடிகள் மூன்று: தேங்காய் வெடித்து வெல்லப்பாகு மாமாவின் வேட்டியில் தெறித்தது, மழையில் தீ அணைந்து அடுப்பங்கரையில் வந்து சுட்டது, தாத்தா இறந்த வருடம் எங்கள் வீட்டில் மட்டும் சுடாமல் அடுத்த வீட்டுத் தீயைத் திண்ணையிலிருந்து பார்த்தது. மூன்றும் வழக்கத்திலிருந்து பிசகியவை.

அதனால் மரபில் ஏதாவது சொதப்பினால் பெற்றோர் முகம் சுருங்குவது எனக்கு வேடிக்கையாக இருக்கும். சேலத்தில் குகை என்ற பகுதியில், சாமி வேஷம் போட்டவர்கள் வண்டிகளில் வரும் ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை பார்க்கப் போன ஒரு தரம் கூட்டத்தில் என் செருப்பு ஒன்று காணாமல் போயிற்று. எந்தச் சாமி வேஷம் எந்த வண்டியில் வந்தது என்பது எனக்கு மறந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு அப்பா தோளில் வீடு திரும்பியது மறக்கவில்லை.

மூக்கு வழி, கேமரா வழி

வாசத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சக்தி? கண்ணும் காதும் கொடுக்கும் சேதி தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் மேலே போகும். மூக்கின் சேதி அங்கே நிற்காமல், உணர்ச்சியைக் கவனிக்கும் பகுதிக்கும் நினைவு முடிச்சுப் பக்கத்துக்கும் நேராகப் போய்விடுகிறது. சொல்லோ படமோ கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிறகு நடந்தவை. வாசம் கிளப்புபவை அதற்கு முந்தியவையாக இருப்பதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. சேர்வராயன் மலையில் கோடைமழை ஒன்று விழுந்து சில நாளில் காபிச் செடிகள் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். மல்லிகைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு மணம். அந்த வாரத்தில் பிள்ளையை மலைக்குக் கூட்டிப் போனால் பலூன்கூட வாங்கித் தர வேண்டாம்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தில் போட்டோ எடுத்த பொருள்களை, சும்மா பார்த்த பொருள்களைவிடக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள் என்று லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் கண்டார். ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்தக் குறை இல்லை. கவனம்தான் விஷயம். போனில் ஐயாயிரம் படம் இருந்தும் யாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதில்லை என்றால் அது தறியில் ஏறாத நூல்.

இதுவரை, இரண்டாம் பாதி: மரபு கண்ணி, பிசகல் சலங்கை. வாசமும் கைவேலையும் தூண்டுகுறிகள். பேச்சு ஊடை.

புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவர்களுக்கு

"எங்க வீட்ல அப்படி ஒண்ணும் இல்லீங்களே" என்பவர்கள் பஞ்சாங்கத்தில் தேட வேண்டியதில்லை. நாள் மட்டும் வெளியிலிருந்து வரட்டும். சேலம் மாம்பழத்தில் முதல் கூடை கடைக்கு வரும் நாள், மேட்டூர் அணை திறக்கும் நாள், காபி பூக்கும் வாரம், எதுவானாலும் சரி. நம் சோம்பலைப் பொறுத்து நாள் வைத்தால் இரண்டாவது வருடம் நின்றுவிடும். பிள்ளைக்கு நிஜமான வேலை ஒன்று வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பவருக்குச் சீக்கிரம் மறக்கும். முதல் மல்கோவாவை அறுப்பது எங்கள் வீட்டில் இப்போது மகள் உரிமை. கோணல்மாணலாக அறுப்பாள், கொட்டையில் பாதிச் சதை போய்விடும், யாரும் வாய் திறக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். நாம் உருகி உருகிப் பேசுகிற இனிய நினைவுகள் பலவற்றுக்குப் பின்னால் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வெல்லம் இடித்த ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு அந்த நாள் எப்படிப் பதிந்திருக்கும் என்று நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கேட்டேன். "இடுப்பு வலி" என்றார். வேலையைப் பிரித்துக்கொள்ள முடியாத மரபைச் சுருக்கிவிடுவது நல்லது. சண்டையும் கடுகடுப்பும்கூட நன்றாகவே பதியும். உணர்ச்சி ஏறினால் முடிச்சு இறுகும், அது எந்த உணர்ச்சி என்று பார்ப்பதில்லை.

தம்பி பெங்களூரில் இருக்கிறான். அங்கே அழிஞ்சிக் குச்சி கிடைக்காமல் மூங்கில் குச்சியைச் செருகி, பால்கனியில் கேஸ் அடுப்பில் ஒரு வருடம் தேங்காய் சுட்டான். எதிர்வீட்டுக்காரர் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று கதவைத் தட்டினார். அவன் மகனுக்கு மரபு என்றால் இனி அதுதான், எதிர்வீட்டு மாமா உட்பட.

போன மே மாதம் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஏற்காடு மலர்க் கண்காட்சிக்குப் போனோம். பஸ்ஸில்தான். ஒன்பதாவது பலகை வந்ததும் என் மகள் ஜன்னலைத் தட்டி, சித்தப்பா மகனிடம் சொன்னாள்: "இங்கதான்டா நான் வாந்தி எடுத்தேன். முன்னாடி ஒரு மாமா, வெள்ளச் சட்ட. திரும்பி ஒரு பார்வ பார்த்தாரு பாரு!" அவளுக்கு ஏழு வயது. இன்றுவரை பஸ்ஸில் ஒரு தடவைகூட வாந்தி எடுத்ததில்லை. தம்பி என்னைப் பார்த்தான், நான் அம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா பையனையும் சேர்த்தால் வழக்கில் இப்போது நாலு பேர்.